லேக் டிஸ்டிரிக்ட் மலைநடை: உங்களுக்கேற்ற வழிகாட்டி நூலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கெசிக் ஊரின் கடைத்தெருவில் ஒரு புத்தகக் கடைக்குள் நுழைந்தால், அந்த வட்டாரத்து மலைநடை நூல்கள் மட்டுமே பல தட்டுகளை நிறைத்திருக்கும். எல்லா அட்டையிலும் ஏரி, எல்லா அட்டையிலும் வெயில். குடும்பத்தோடு நடக்க, ஏரியோரம் நடக்க, முகடுகளில் நடக்க என்று தலைப்புகள் கைநீட்டி அழைக்கும். பத்து நிமிடம் புரட்டிவிட்டு, படம் அழகாக இருக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவோம். நான் முதலில் வாங்கிய இரண்டும் அப்படி வாங்கியவைதான். ஒன்றை ஒருநாள்கூட மலைக்கு எடுத்துப்போகவில்லை. இன்னொன்று எங்களைத் தவறான பள்ளத்தாக்கில் இறக்கிவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த நாளுக்குப் பிறகு நூல் வாங்க ஒரே முறையைத்தான் கடைப்பிடிக்கிறேன். போட்டியில் இருக்கும் எல்லா நூல்களிலும் ஒரே மலையைத் திறந்து, ஒரே பாதையை வரிவரியாகப் படித்துப் பார்ப்பேன். மற்றவையெல்லாம் இதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய வேலைகள். இங்கிலாந்தின் வடமேற்கே கம்பிரியாவில் உள்ள லேக் டிஸ்டிரிக்டை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஸ்காட்லாந்துக்கோ வேல்ஸுக்கோ போகிறவர்கள் மலைகளின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

படி 1: கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதுதான் முதல் வரி. இந்தத் தேசியப் பூங்காவின் பரப்பு 2,362 சதுர கிலோமீட்டர். பெரிய இடமாகத் தெரியாது. ஆனால் அதன் பள்ளத்தாக்குகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல நடுவிலிருந்து நாலாபக்கமும் பிரிகின்றன. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்கு மலைமேல் நடந்தால் சில கிலோமீட்டர்தான். அதையே சாலையில் சுற்றிப்போக ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். வட்டாரம் முழுவதையும் தொட்டுச்செல்லும் நூலை வாங்கினால், நீங்கள் தங்கும் இடத்துக்கு அருகில் ஆறேழு நடைகள்தான் அதில் இருக்கும்.

காரா, பஸ்ஸா என்பது இரண்டாவது வரி. பல நூல்கள் கார் நிறுத்துமிடத்தில் தொடங்கி அங்கேயே முடியும் சுற்றுகளை மட்டும் தருகின்றன. பஸ்ஸில் போகிறவருக்கு ஓரிடத்தில் ஏறி வேறிடத்தில் இறங்கும் நடைகள்தாம் சுகம். லங்காஸ்டரிலிருந்து விண்டர்மியர், ஆம்பிள்சைட், கிராஸ்மியர் வழியாகக் கெசிக் போகும் 555, பென்ரித்திலிருந்து கிளென்ரிடிங் போகும் 508 ஆகிய தடங்கள் அதற்கு நன்றாக உதவும். பஸ் நிறுத்தத்தின் பெயரையாவது நூல் சொல்கிறதா என்று பாருங்கள். புறப்படும் நேரங்களை மட்டும் நூலிலிருந்து எடுக்காதீர்கள். அவை ஆண்டுதோறும், பருவந்தோறும் மாறும்.

அடுத்து, மாதம். ஜூன் நடுவில் கெசிக்கில் சுமார் 17 மணி நேரம் பகல். டிசம்பர் கடைசியில் ஏழரை மணி நேரம்கூட முழுதாக இருக்காது. கோடையை மனத்தில் வைத்து எழுதிய நூலைக் குளிர்காலத்தில் நம்பிப் போவது ஆபத்து. உடன் வருவது யார், அவர்களில் உயரத்தைக் கண்டு அஞ்சுபவர் உண்டா என்பதையும் எழுதுங்கள். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தட்டின் முன் நின்றால், பாதி நூல்கள் தாமாகவே விலகிக்கொள்ளும்.

படி 2: எந்த வகை நூல் என்று அடையாளம் காணுங்கள்

லேக் டிஸ்டிரிக்ட் என்றதும் எல்லோரும் முதலில் கையில் கொடுப்பது ஆல்ஃபிரட் வெயின்ரைட்டின் ஏழு தொகுதிகளை. கெண்டல் நகராட்சியின் கணக்குத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, வார இறுதிகளில் பஸ் பிடித்துப் போய் நடந்து, ஒவ்வொரு பக்கத்தையும் கையாலேயே எழுதி வரைந்தவர் அவர். 1955இல் முதல் தொகுதி வந்தது, 1966இல் ஏழாவது. மொத்தம் 214 மலைகள். அவற்றை ஏறி முடிப்பதையே வாழ்நாள் இலக்காகக் கொண்டவர்கள் ஏராளம்.

நான் அந்த நூல்களை மிகவும் நேசிக்கிறேன். ஆனாலும் முதல்முறை போகிறவருக்கு முதல் நூலாக அவற்றைச் சொல்லமாட்டேன். அவற்றின் அமைப்பு அப்படி. ஒரு மலையை எடுத்துக்கொண்டால் அதற்கு எந்தெந்தப் பக்கமிருந்து ஏறலாம், உச்சி எப்படி இருக்கும், அங்கிருந்து என்னென்ன தெரியும், பக்கத்து மலைக்கு முகடுவழி எப்படிப் போவது என்று விரித்துச் சொல்லும். காலையில் இங்கே தொடங்கி மாலையில் இங்கே முடியுங்கள் என்று ஒரு நாள் நடையைக் கோத்துத் தராது. அதை நீங்களே கோத்துக்கொள்ள வேண்டும். உயரங்கள் அடியிலும் தூரங்கள் மைலிலும் இருக்கும். ஒரு வட்டாரத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்கு அது பொக்கிஷம்.

பள்ளத்தாக்கை அடிப்படையாகக் கொண்ட தொகுதிகள் வேறு வகை. சிசரோன் பதிப்பகம் வெளியிடும் மார்க் ரிச்சர்ட்ஸின் எட்டு நூல்கள் போரோடேல், பட்டர்மியர், லாங்டேல், பேட்டர்டேல், வாஸ்டேல் என்று பள்ளத்தாக்கு வாரியாகப் பிரிந்திருக்கின்றன. ஒரே ஊரில் ஒரு வாரம் தங்குகிறவருக்கு இந்தப் பிரிப்பு பெரிய வசதி.

மூன்றாவது, தேர்ந்தெடுத்த ஒரு நாள் நடைகளின் தொகுப்பு. முதல்முறை போகிறவருக்கு இதுதான் சரி என்பது என் முடிவு. தாழ்நில ஏரியோர நடைகளுக்கும், கைகளையும் ஊன்றிப் பாறையில் ஏறும் பாதைகளுக்கும் தனித்தனி நூல்கள் உண்டு. பாறை ஏற்ற நூலைச் சாதாரண நடை நூல் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அட்டை ஒன்றுபோலவே இருக்கும்.

படி 3: பதிப்பு விவரப் பக்கத்தைப் படியுங்கள்

தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பாருங்கள். திருத்திய பதிப்பு வேறு, மறு அச்சு வேறு. 2022இல் அச்சான நூலின் உள்ளடக்கம் 2008இல் நடந்து எழுதியதாக இருக்கலாம். நீங்கள் தேட வேண்டியது, பாதைகளை மீண்டும் நடந்து திருத்திய ஆண்டு.

இந்த வட்டாரத்துக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு: 2015 டிசம்பர். அந்த மாதம் வந்த டெஸ்மண்ட் புயலில் கிளென்ரிடிங் ஊருக்குள் வெள்ளம் பாய்ந்தது. அல்ஸ்வாட்டர் ஏரியின் நீர் வெளியேறும் முனையில் 1764இல் கட்டிய பூலி பிரிட்ஜ் பாலம் இடிந்துபோனது. புதிய பாலம் 2020இல்தான் திறந்தது. கெசிக்கிலிருந்து திரெல்கெல்டு போகும் பழைய ரயில்பாதை நடைவழியும் பாலங்களை இழந்து, ஐந்தாண்டுகள் கழித்தே மீண்டும் திறந்தது. அந்தப் புயலுக்கு முந்தைய நூலை வைத்திருப்பவர், ஓடையைக் கடக்கும் ஒவ்வொரு இடத்தையும் புதிய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

வெயின்ரைட் தொகுதிகளைப் பழைய புத்தகக் கடையில் வாங்கினால் இது இன்னும் முக்கியம். 2005 முதல் 2009 வரை கிறிஸ் ஜெஸ்டி அவற்றைத் திருத்தி, பாதைகளைச் சிவப்பில் காட்டினார். அதற்குப் பிறகு கிளைவ் ஹட்ச்பி மறுபடியும் எல்லாவற்றையும் நடந்து திருத்தினார். மூலப் பதிப்பு படித்து மகிழ, கடைசித் திருத்தம் நடந்து போக. சில பதிப்பகங்கள் நூலுக்குப் பிந்தைய மாற்றங்களைத் தங்கள் இணையதளத்தில் வெளியிடுகின்றன. அப்படிச் செய்யும் பதிப்பகத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

படி 4: ஒரே மலையை எல்லா நூல்களிலும் திறந்து பாருங்கள்

இப்போது கையில் மூன்று நூல்கள் மிஞ்சியிருக்கும். மூன்றிலும் ஹெல்வெலின் மலையைத் திறங்கள். உயரம் 950 மீட்டர். கிளென்ரிடிங்கிலிருந்து ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற கத்திமுனை முகட்டின் வழியாக ஏறி, ஸ்விரல் எட்ஜ் வழியாக இறங்கும் சுற்று பெரும்பாலான நூல்களில் இருக்கும். எளிதாகத் தொடங்கி, நடுவில் கைகளைக் கேட்டு, மேகத்தில் வழியை மறைத்துக்கொள்ளும் பாதை அது. எழுதியவர் எவ்வளவு கவனமாக நடந்தார் என்பதை அது அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

சுவரில் ஓர் இடைவெளி இருக்கும் இடத்தில்தான் முகட்டுப் பாதை தொடங்குகிறது. ஹோல் இன் தி வால் என்றே அதற்குப் பெயர். நல்ல நூல் அங்கே உங்களை நிறுத்தும். காற்று பலமாக இருந்தாலோ மேகம் இறங்கியிருந்தாலோ, இங்கிருந்து ரெட் டார்ன் குளத்துக்குப் போகும் பாதையில் நடந்து, ஓடையோரமாக ஊருக்கு இறங்கிவிடலாம் என்று சொல்லும். முகட்டில் ஏறிய பிறகு, உச்சிவிளிம்பில் நடக்கத் தயங்குகிறவர்களுக்காகக் குளத்துப் பக்கம் சற்றுக் கீழே ஒரு பாதை ஒட்டிக்கொண்டே வருவதையும் சொல்லும்.

முகடு முடியும் இடத்தில் ஒரு பாறைப் பிளவு இருக்கிறது. சில மீட்டர்தான். ஆனால் அதில் ஏற வேண்டியதில்லை, இறங்க வேண்டும். முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, காலால் பிடிமானத்தைத் தேடித்தேடி இறங்க வேண்டும். அந்தப் பாதை முழுவதிலும் ஆட்கள் கூட்டமாகத் தேங்கி நிற்கும் இடம் அதுதான். பத்து வயதுக் குழந்தையோ முழங்கால் வலியுள்ள பெரியவரோ உடன் வந்தால், நாள் எப்படி முடியும் என்பதை அந்தச் சில மீட்டர்தான் தீர்மானிக்கும். உங்கள் கையிலுள்ள நூல் அதைச் சொல்கிறதா? விரலை வைத்துத் தேடிப் பாருங்கள். ‘குறுகிய முகட்டின்மீது நடந்து உச்சியை அடையலாம், காட்சி அற்புதமாக இருக்கும்’ என்பதோடு ஒரு நூல் முடித்துக்கொண்டால், அதைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிடுவேன்.

உச்சி அகலமான மேட்டுநிலம். அங்கிருந்து ஸ்விரல் எட்ஜுக்கு இறங்கும் வாயில் மேகத்தில் கண்ணில் படாது. குளிர்காலத்தில் கிழக்கு விளிம்பில் காற்றுத் திரட்டிய பனி வெறும் வெளியின்மீது கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கும். நிலம் என்று நினைத்து அதன்மேல் கால் வைத்துவிடுவோம். இதைப் பற்றி நூலில் ஒரு வாக்கியமாவது இருக்க வேண்டும். பனிக்கோடாரியும் காலணி முட்களும் எப்போது தேவை என்றும் இருக்க வேண்டும். குளிர்காலம் முழுவதும் இந்த மலையின் நிலையை நாள்தோறும் ஏறிப் பார்த்து, வெதர்லைன் என்ற சேவையில் அறிக்கை தருகிறார்கள். அதைப் பார்க்கச் சொல்லும் நூலை நம்பலாம்.

மேற்கே தேர்ல்மியர் பக்கமிருந்து ஏறும் பாதையில் இந்த முகடுகள் எதுவும் இல்லை. செங்குத்து உண்டு, கைகளை ஊன்ற வேண்டியதில்லை. அதையும் தருகிற நூல் எல்லா வகை வாசகரையும் நினைத்து எழுதியது என்று பொருள்.

சின்ன மலையிலும் இதே சோதனையைச் செய்யலாம். கேட்பெல்ஸ் 451 மீட்டர்தான். குழந்தைகளுக்கு ஏற்றது என்று எங்கும் எழுதியிருப்பார்கள். உச்சிக்குக் கீழே கையை ஊன்றி ஏற வேண்டிய பாறைப்படிகள் அங்கே உண்டு. மழையில் வழுக்கும். அதைக் குறிப்பிடாமல் குழந்தைகளை அழைக்கும் நூல் குழந்தைகளோடு அங்கே போகாதவர் எழுதியது என்றே நினைத்துக்கொள்வேன்.

படி 5: இறங்கும் வழியைத் தனியாகப் படியுங்கள்

முன்பு சொன்ன கதை இதுதான். என் அக்காவும் நானும் போரோடேல் பள்ளத்தாக்கின் சீத்வெயிட்டிலிருந்து புறப்பட்டு, எஸ்க் ஹாஸ் கணவாய் வழியாக ஸ்கேஃபெல் பைக் ஏறினோம். 978 மீட்டர், இங்கிலாந்தின் உயர்ந்த சிகரம். ஏறும் வழியை அந்த நூல் அழகாகவே எழுதியிருந்தது. உச்சியில் இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மேகம். இறங்கும் வழிக்கு நூலில் ஒரே ஒரு வரி: நன்றாகத் தெரியும் கற்குவியல்களைப் பின்தொடரவும்.

கற்குவியல்கள் ஒரு பக்கம் மட்டும் இல்லை. வடகிழக்கே போகும் பாதையிலும் இருக்கின்றன, வடமேற்கே போகும் பாதையிலும் இருக்கின்றன, தென்மேற்கே மிக்கிள்டோர் பக்கமும் இருக்கின்றன. நாங்கள் மிகவும் தேய்ந்து அகலமாகக் கிடந்த பாதையைப் பிடித்தோம். வெகுநேரம் இறங்கிய பிறகு மேகம் விலகியது. போரோடேலின் பச்சை வயல்கள் இருக்க வேண்டிய இடத்தில், நீண்டு கறுத்துக் கிடந்தது வாஸ்ட் வாட்டர் ஏரி. மலையின் மறுபுறத்தில் இருந்தோம். ஸ்டை ஹெட் கணவாய் ஏறித் திரும்ப அக்காவின் காலில் வலுவில்லை, வெளிச்சமும் இல்லை. வாஸ்டேல் ஹெட்டில் டாக்சிக்காகக் காத்திருந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலையில் சுற்றிக் கார் இருந்த இடத்துக்குப் போனபோது நன்றாக இருட்டிவிட்டது.

என் பையில் திசைகாட்டி இருந்தது. எந்தத் திசையில் பிடிப்பது என்று நூல் சொல்லவில்லை. வரைபடத்தில் முன்கூட்டிப் பார்த்துவைக்க எனக்கும் தோன்றவில்லை. ‘உச்சியிலிருந்து வடகிழக்கே இறங்கவும், வடமேற்கே போகும் அகலமான பாதை வாஸ்டேலுக்குப் போவது’ என்று ஒரே வரி இருந்திருந்தால் போதும்.

அதனால் இப்போதெல்லாம் இறக்கத்தைத் தனியாக எடுத்துப் படிக்கிறேன். திசை சொல்லியிருக்கிறதா? குழம்பக்கூடிய பிரிவுகளில் ‘இதில் போகாதீர்கள்’ என்ற எச்சரிக்கை உண்டா? ஸ்கேஃபெல் பைக்கிலிருந்து பக்கத்திலிருக்கும் ஸ்கா ஃபெல் மலைக்குப் போகும் வழியையும் பாருங்கள். மிக்கிள்டோர் இடுக்கிலிருந்து நேராக ஏறலாம்போலத் தோன்றும். அங்கே குறுக்கே நிற்பது பிராட் ஸ்டாண்ட் என்ற பாறை. அது நடப்பவர்களுக்கானது அல்ல. அங்கே விபத்துகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அதைக் கண்டித்துச் சொல்லி, ஃபாக்ஸஸ் டார்ன் வழியாகச் சுற்றிப்போகச் சொல்லும் நூலே நல்ல நூல்.

படி 6: வரைபடத்தின் மேல் நூலை வைத்துப் பாருங்கள்

எந்த நூலும் வரைபடத்துக்கு மாற்று ஆகாது. பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓ.எல். 4, 5, 6, 7 என்ற நான்கு தாள்கள் இந்த வட்டாரத்தை மூடுகின்றன. அளவு 1:25,000, நான்கு செண்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். ஹெல்வெலின் ஓ.எல். 5இல், ஸ்கேஃபெல் பைக் ஓ.எல். 6இல். 1:50,000 அளவுள்ள லேண்ட்ரேஞ்சர் வரிசையில் வயல் சுவர்கள் இருக்காது. மேகத்தில் கைத்தடிபோல உதவுவது அந்தச் சுவர்கள்தாம் என்பதால் 1:25,000 அளவையே வாங்குங்கள்.

நூலின் சிறுபடத்தையும் இந்தத் தாளையும் அருகருகே விரித்துப் பாதையைப் பென்சிலால் தொடருங்கள். எக்ஸ்ப்ளோரரில் பச்சைப் புள்ளிக்கோடு சட்டப்படி நடக்கும் உரிமையைக் காட்டுகிறது. தரையில் உண்மையாக உள்ள தடத்தைக் காட்டுவது கறுப்புப் புள்ளிக்கோடு. இரண்டும் ஒன்றல்ல. சில இடங்களில் பச்சைக்கோட்டின் மீது தடமே இருக்காது. நூலாசிரியர் எந்தக் கோட்டில் உங்களை நடத்துகிறார் என்று பார்த்தாலே, அவர் தரையில் நடந்தாரா, மேசையில் உட்கார்ந்து வரைந்தாரா என்று புரிந்துவிடும்.

முக்கியமான இடங்களுக்குக் கட்ட எண், அதாவது வரைபடத்தின் கட்டங்களில் அந்த இடத்தைக் குறிக்கும் எண், தருகிற நூல் எனக்குப் பிடிக்கும். ஸ்கேஃபெல் பைக்கின் உச்சி என்.ஒய். 215 072. இதை வைத்து வரைபடத்தில் நூறு மீட்டர் சதுரத்துக்குள் விரலை வைத்துவிடலாம்.

படி 7: நேரக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்னும் பயன்படுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் பத்து நிமிடம் கூடுதல். ஹெல்வெலின் சுற்று சுமார் 13 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 850 மீட்டர். தூரத்துக்கு இரண்டரை மணியும் சற்றும், ஏற்றத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி. மொத்தம் நான்கு மணி நேரம்.

இதில் சாப்பாடு இல்லை, படம் எடுக்க நிற்பது இல்லை, பாறைப் பிளவில் வரிசையில் நிற்பது இல்லை. ஆறு மணி நேரம் என்று போடும் நூல் உங்களைப் போன்றவர்களோடு நடந்திருக்கிறது. நான்கு மணி நேரம் என்றே போட்டிருந்தால், அந்த நூலின் எல்லா நடைகளுக்கும் ஒன்றரை மடங்கு என்று முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: சொற்களும் கையடக்கமும்

இந்த மலைகளின் பெயர்களில் பழைய நார்ஸ் மொழி நிறைய. ஃபெல் என்றால் மலை, பெக் ஓடை, கில் பள்ளத்தில் ஓடும் நீர், டார்ன் மலைக்குளம், ஹாஸ் கணவாய், ஃபோர்ஸ் அருவி. வெளியூர்க்காரருக்கு இதை விளக்கும் பக்கம் நூலில் இருந்தால் நல்லது. ஓடையின் இடது கரை, வலது கரை என்று வரும்போது, நீர் ஓடும் திசையைப் பார்த்து நிற்பவரின் இடதா, நடப்பவரின் இடதா என்று நூல் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சட்டைப்பைக்குள் நுழைகிறதா, ஒரு கையால் திறந்து பிடிக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். கெட்டி அட்டைப் பெரிய நூல் வீட்டில் இருக்கட்டும். விபத்து நேர்ந்தால் 999ஐ அழைத்து, போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழுவைக் கேட்க வேண்டும். விசிலை நிமிடத்துக்கு ஆறுமுறை ஊத வேண்டும். இது நூலின் முதல் சில பக்கங்களில் இருந்தாக வேண்டும்.

படி 9: எளிய நடையில் நூலைச் சோதியுங்கள்

வாங்கியதும் ஹெல்வெலினுக்கு ஓடாதீர்கள். கிளென்ரிடிங்கில் படகேறி ஹௌடவுனில் இறங்கி, அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையோரம் நடந்து திரும்புங்கள். வழி தவறினாலும் ஏரி ஒரு பக்கம் இருந்துகொண்டே இருக்கும். நூலில் ‘வாயிலைக் கடந்து இடப்புறம்’ என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, தரையில் அது அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் நேரத்தையும் நூலின் நேரத்தையும் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். மாறியிருக்கும் வேலி, இடிந்த பாலம், புதிய படிக்கட்டு எதுவானாலும் குறித்து, வீடு திரும்பியதும் பதிப்பகத்துக்கு எழுதிப்போடுங்கள்; அடுத்த பதிப்பை வாங்குகிறவருக்கு அந்த வரி உதவும்.

மலைக்குப் போகும் நாளில் அன்றைய நடையின் பக்கங்களை மட்டும் நகலெடுத்து, நீர் புகாத உறையில் போட்டு, வரைபடத்தோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். நூல் பைக்குள் இருக்கட்டும். போரோடேலில் மழை பிடித்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.